டீச்சரும் தக்காளிப் பாத்தியும்

தக்காளிக்குக் காலை வெயில் ரொம்ப முக்கியம், மச்சான். உங்கள் தங்கை அழுதுகொண்டே அங்கே வந்துவிட்டாள், என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். மூடி மறைக்க ஒன்றுமில்லை. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான், குளறுபடி எனக்கு ஆகாது.

கொல்லையில் பாதி என் தோட்டத்துக்கு, பாதி அவளுடைய ஐந்து கோழிகளுக்கு என்று ஏற்பாடு. நான்கு கோழிகள் ஏதோ கோழிகளாக இருந்தன. ஐந்தாவதற்கு டீச்சர் என்று பெயர். தலையை நிமிர்த்திக்கொண்டு, பாத்தி பாத்தியாக நின்று பார்த்துவிட்டு நடக்கும். பார்த்ததோடு நிற்காது, நான் நட்டதையெல்லாம் மறுநாளே கிளறிப் போட்டுவிடும். அது முட்டையிட்டே எட்டு மாதம் ஆகியிருந்தது. உங்கள் தங்கையோ அதன் காலில் நீல வளையம் மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவமனையில் அன்று நடந்த கதையெல்லாம் அதற்குச் சொல்வாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் கவலை தக்காளி பற்றியது.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு மதியம் வரை வேலை. நான் சமைத்தேன். நம் தோட்டத்துத் தக்காளி, நம் தோட்டத்துக் கத்தரிக்காய். கறி வேக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வயதுக்கு மரியாதை கொடுக்கத்தானே வேண்டும்.

"கறி முத்தலா இருக்கே. கடைக்காரர் உங்களை நல்லா ஏமாத்திட்டாரு" என்றாள். ஆனாலும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

"அவரைச் சொல்லாத. பாவம், அவர் என்ன பண்ணுவாரு" என்றேன். வீண்பழி போடுவது எனக்குப் பிடிக்காது.

"டீச்சருக்கு ரெண்டு வாய் சோறு எடுத்து வைக்கட்டுமா?"

"இன்னிக்கு வேணாம். அதுக்குப் பசிக்காது."

சாயங்காலம் டீச்சரைக் காணோம் என்று ஒரே அமளி. நானும்தான் தேடினேன். வேலியோரம் குனிந்து குனிந்து கூப்பிட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருவில் ஒட்ட அறிவிப்பு எழுதியதும் நான்தான். ஒரு பிழை கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "அது வாயை நக்கிக்கிட்டுப் போச்சு" என்றேன், அவ்வளவுதான். பூனைகள் வாயை நக்கும். அதை வளர்த்த ஓட்டுநர் மறுநாளே பூனையைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவர் கண் கலங்கியபோது எனக்கே சங்கடமாக இருந்தது.

ஒரே ஒரு தவறுதான் செய்தேன். நல்ல உரமாயிற்றே என்று எலும்பு, இறகு, வளையம் மாட்டிய கால் எல்லாவற்றையும் தக்காளிப் பாத்தியில் புதைத்தேன். கோழிகள் பாத்தியைக் கிளறுகின்றன என்று இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். முந்தாநாள் மற்ற நான்கும் சேர்ந்து கிளறி, நீல வளையத்தை அவள் காலடியிலேயே இழுத்துப் போட்டன.

அவள் என்னைத் திட்டவில்லை. "நான் ரெண்டு தடவை போட்டுக்கிட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான்கு கோழிகளையும் கூடையில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவளைத் திரும்பி வரச் சொல்லுங்கள், மச்சான். பொறாமையில் செய்ததாக அவள் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அந்தக் குணமே கிடையாது. வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும் கொல்லைக் கதவில் நின்று, "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று அவள் அந்தக் கோழியைக் கேட்பாள். உள்ளறையில் உட்கார்ந்தபடி, "ம், ஆச்சு" என்று நான் பதில் சொல்வேன்.