வெள்ளிக்கிழமை ஊசி

எங்கள் வார்டு ஃபிரிட்ஜில் தயிர் வைக்க நான் யாரையும் விட்டதில்லை. மருந்து இருக்கிற இடத்தில் சாப்பாட்டு வாடை கூடாது. டாக்டர் அருள்பிரகாசமே ஒரு தடவை டிபன் பாக்ஸோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். இருபத்தாறு வருஷம் அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பிலோமி சிஸ்டர் மருந்தை வீணாக்குகிற ஆள் இல்லை. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து நாலில் நன்கொடையாக இண்டர்ஃபெரான் வந்தது. ஹெபடைடிஸ் சி என்கிற ஈரல் நோய்க்கு அப்போது அதை விட்டால் வேறு கதி இல்லை. வாரம் ஒரு ஊசி, கூடவே மாத்திரை, இருபத்து நாலு வாரம். ஆறு பேருக்குத்தான் வந்திருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அதற்காகக் காத்திருந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். ஆறாவது இடத்தை டாக்டர் ஜெயவேலுக்குக் கொடுத்தார்.

ஜெயவேல் வியாசர்பாடிக்காரன், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். போதை ஊசி போட்டுப் போட்டு இரண்டு கையும் சீழ் பிடித்து, எங்கள் வார்டில் ஒரு மாதம் கிடந்தான். அப்போதுதான் அவன் ரத்தத்தில் நோய் இருப்பது தெரிந்தது. பட்டியலில் ஏழாவது ஜூடி. காசிமேட்டுப் பெண், ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள். பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தத்தால் அவளுக்கு வந்தது. தன் கையாலேயே நோயைக் குத்திக்கொண்டவனுக்கு மருந்து, ஒரு பாவமும் அறியாதவள் வெளியே. இது என்ன நியாயம்? இந்த மாதிரி ஆட்கள் நாலு வாரம் வருவார்கள், ஐந்தாவது வாரம் எங்காவது பாலத்தடியில் கிடப்பார்கள், மருந்துதான் பாழ் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"அவனுக்கும் ஈரல் ஒண்ணுதான், பிலோமி" என்றார் டாக்டர்.

அவர் படித்தவர். நான் வார்டைப் பார்த்தவள். அதனால் நானே சரிசெய்தேன். கூடுதலாக ஒருவருக்கு மருந்து வந்திருக்கிறது, வெளியே சொல்லாதே என்று ஜூடியை வியாழக்கிழமைகளில் வரவழைத்து, ஜெயவேலின் ஊசியை அவளுக்குப் போட்டேன். அவனுக்கு வெள்ளிக்கிழமைகளில் உப்புத் தண்ணீர், மாத்திரைக்குப் பதில் வைட்டமின்.

இண்டர்ஃபெரான் போட்டால் காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். வெள்ளிக்கிழமை ஊசிக்கு வருகிறவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து, போன வாரம் யாருக்கு எவ்வளவு காய்ச்சல் என்று பேசிக்கொள்வது வழக்கம். காய்ச்சல் வந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். ஆனால் ஜெயவேல் தனக்கும் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொன்னான். கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை என்றுகூடச் சொன்னான்.

அவன் பெண்டாட்டி ராஜாத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அதுக்கு ஒரு நாளும் ஜொரம் வர்ல சிஸ்டர். டாக்டராண்ட சொல்லிடாதீங்க, பிரயோஜனம் இல்லன்னு ஊசிய நிறுத்திடுவாரு."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். பொய் சொன்னவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது வாரம் ரத்தச் சோதனையில் முன்னேற்றமே இல்லை. மறுபடியும் போதை ஊசி போடுகிறானோ என்று டாக்டர் என்னிடம் கேட்டார். இவர்களைப் பற்றி என்ன சொல்ல முடியும் டாக்டர் என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. டாக்டர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் சட்டையைக் கழற்றி இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினான். "பாரு சார். புச்சா ஒரு ஓட்டை கீதா?" என்றான். இல்லை. எல்லாம் பழைய தழும்பு. சரி, முழுசா முடிக்கட்டும் என்று டாக்டர் விட்டுவிட்டார்.

இதற்குள் ஜூடி நின்றுபோயிருந்தாள். ஒன்பது ஊசிதான் போட்டுக்கொண்டாள். காய்ச்சல், முடி கொட்டுகிறது, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது, வீட்டுக்காரர் போதும் என்கிறார் என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பப் பெண், அவளுக்கு எத்தனையோ கஷ்டம்.

மீதிப் பதினைந்து ஊசியை ஏன் ஜெயவேலுக்குப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். திடீரென்று நிஜக் காய்ச்சல் வந்தால் அவனுக்கும் ராஜாத்திக்கும் கேள்வி வரும். தவிர, பாதி வைத்தியம் வைத்தியமே இல்லை. ஒழுங்காக வரக்கூடிய நல்ல ஆள் யாராவது கிடைப்பார்கள் என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டில் எடுத்து வைத்தேன். யாரும் கிடைக்கவில்லை. அந்த ஃபிரிட்ஜுக்கு நேர் எதிர் ஸ்டூலில்தான் அவன் வெள்ளிக்கிழமைதோறும் உட்காருவான். காலாவதியான பிறகும் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. போன மாதம் ஃபிரிட்ஜ் மாற்ற வந்தவர்கள் எடுத்தது அதைத்தான்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை முழுகிப்போன வெள்ளிக்கிழமை, மற்ற ஐந்து பேரில் ஒருவரும் வரவில்லை. அவன் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து நின்றான். துண்டு கொடுத்து, ஊசி போடுகிற இடம் என்று வயிற்றைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகுதான் ஊசி போட்டேன். நான் கொடுமைக்காரி இல்லை.

இருபத்து நாலாவது வாரமும் கிருமி அப்படியே இருந்தது. இன்னொரு சுற்றுக்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் எங்க தப்பு பண்ணேன் சிஸ்டர்?" என்று ஜெயவேல் என்னிடம் கேட்டான். சிலருக்கு மருந்து பிடிக்காது என்றேன். போன வருஷம் ரத்த வாந்தி எடுத்து எங்கள் வார்டிலேயே போனான். முப்பத்திரண்டு வயது. கண்ணை மூடிவிட்டது நான்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு? அவனைப் போன்றவர்கள் ஒழுங்காக வர மாட்டார்கள் என்றேன். எந்த வார்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இருபத்து நாலு வெள்ளிக்கிழமையில் ஒன்றே ஒன்று அவன் வராமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு உதவியைக்கூட அவன் எனக்குச் செய்யவில்லை.