மாமன் வர்ற வரைக்கும்

இல்லண்ணே, மொதல்ல அந்தச் சீனித் தண்ணி டம்ளரை மூடி வைங்க. உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு காலைலருந்து மூணு வாட்டி சொல்லிட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டா நான் என்னதான் பண்ணுறது? நர்ஸுன்னா எனக்கு வேற சோலி இல்லையா?

யாரு, உங்க மச்சினன் குழந்தைவேலா? வரட்டும், நான் வேணாம்னா சொன்னேன்? தங்கமான மனுசன், குடி கிடையாது, ஒரு சுடுசொல் கிடையாது. அவரு கையால இந்தச் சீனித் தண்ணியைத் தொட்டு நாக்குல சேனை வச்சாத்தான் அவரு கொணம் புள்ளைக்கு வரும். சரிண்ணே, ஒத்துக்குறேன். புள்ள பொழச்சு, வாயால பால் குடிக்கட்டும், அப்புறம் ஆற அமர வைக்கட்டும். அவரு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல கேரட் மூட்டைய எறக்கிட்டு வர்ற வரைக்கும் இது பட்டினியாக் கெடக்கணுமா? அதச் சொல்லுங்க.

எனக்குத் தெரியாதாக்கும்! நானும் பூண்டிக்காரிதான். உங்க மன்னவனூருக்கும் எங்க ஊருக்கும் எம்புட்டுத் தூரம்? சேனைக்கு முந்தி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதும்பீங்க. அது வாய்க்குண்ணே! டாக்டர் ஏத்தச் சொல்றது நரம்புல போறது.

குளுக்கோஸ் ஏறுதுதான். உசுரைப் புடிச்சு வைக்கத்தான் அது காணும். சதை எதுல வளரும், மூளை எதுல வளரும்? ஏழாம் மாசத்துல பொறந்த புள்ள. வயித்துக்குள்ள இருந்த வரைக்கும் கொடி வழியா ராப்பகலா சாப்பாடு போய்க்கிட்டே இருந்துச்சு. கொடியை அறுத்தாச்சு, சாப்பாடும் நின்னுபோச்சு. வேணுங்கிற பாலைக் குடல் இன்னும் தாங்காது. அதான் புரதம், கொழுப்பு எல்லாம் பையில ரெடி பண்ணி இன்னைக்கே ஏத்தணும்னு டாக்டர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்குப் பெரிய ரத்தக் குழாய்ல ஒரு ட்யூப் போடணும், அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து. இப்ப அது என்ன திங்குது தெரியுமா? தன் சதையைத் தானே தின்னுக்கிட்டுக் கெடக்கு. மொத்தமே தொள்ளாயிரத்து நாப்பது கிராம். அதுல எதைத் திங்கும், எதை மிச்சம் வைக்கும்?

கத்தத்தாண்ணே செய்வேன். டாக்டர்கிட்டச் சொல்லுவீங்களா? தாராளமாச் சொல்லுங்க, வாய்த்துடுக்குக்காரின்னு எப்பவோ பேரு எடுத்தாச்சு. அங்க வார்டுல உங்க சம்சாரம் பாண்டிச்செல்வி, தையல் போட்ட வயித்தைப் புடிச்சுக்கிட்டு, புள்ள என்ன சாப்பிட்டுச்சுன்னு ரெண்டு வாட்டி ஆள் விட்டுக் கேட்டுருச்சு. நான் என்ன சொல்லட்டும்? மாமன் இன்னும் வரல தாயி, அதனால ஒண்ணும் சாப்பிடலன்னு போய்ச் சொல்லவா?

ஒரு நாள்ல என்ன ஆயிரும்னா? நல்லாக் கேட்டீங்க. எங்கண்ணன் ஜெயமுருகன்கிட்டப் போய்க் கேளுங்க. போன ஐப்பசியில அவனுக்கும் இப்புடித்தான், ஏழாம் மாசம், பொம்பளப் புள்ள. வேற ஆஸ்பத்திரி. இதே மாதிரி பேப்பரை நீட்டுனப்ப, சேனை வைக்க ஆளு வரணும்னு உக்காந்துட்டான். யாரு சொல்லியும் கேக்கல. இருபத்திரெண்டு மணி நேரம்ணே. அந்த ஆளு வந்து தலையில அடிச்சுக்கிட்டுக் கத்துன பெறகுதான் கையெழுத்துப் போட்டான். ஒம்போதாம் நாளு கிருமி தொத்துச்சு, எதுத்து நிக்க ஒடம்புல ஒண்ணும் இல்ல, போயிருச்சு. அந்த ஒரு நாளாலதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த ஒரு நாளு அது பட்டினி கெடந்துச்சு. அது நெசம்.

யாருக்குக் காத்திருந்தானா? எனக்குத்தான். குடும்பத்துல படிச்சது நான் ஒருத்தி, பச்சப் புள்ளைகளைப் பாக்குற வேலை வேற, அத்தை கொணம் மகளுக்கு வரணும்னு ஆசைப்பட்டுட்டான். அன்னைக்கு லீவு போட்ட பொண்ணுக்கும் சேத்து நான் ரெண்டு டூட்டி பாத்தேன். போன் லாக்கர்ல கெடந்துச்சு, பதினேழு மிஸ்டு கால். அவன் கூப்புட்டுக்கிட்டு இருந்தப்ப நான் இதே ரூம்லதாண்ணே, யாரு பெத்த புள்ளைக்கோ இந்தப் பையை மாட்டிக்கிட்டு நின்னேன்.

இந்தாங்க பேனா. இங்கன போடுங்க.