வெந்தயக் கலர் கோட்டோட பெல்ட்

பெல்ட் இல்லாம ஒரு கோட்ட எப்படிம்மா வெளிய விடறது? நீங்களே சொல்லுங்க. இருபத்தாறு வருஷமா இந்த லாண்டரிய நடத்தறேன், ஒரு பட்டன் கொறைஞ்சாகூட துணிய கைல குடுக்க மாட்டேன். அதான் காலைல நானே உங்களுக்கு ஃபோன் பண்ணேன். வெந்தயக் கலர் கோட்டு, இடுப்புல வளையம் இருக்கு, பெல்ட்டக் காணோம், வீட்ல தேடிப் பாருங்கம்மான்னு. கெடைச்சுதா? ஆங், பையிலயே வச்சிருக்கீங்க. நல்ல மனுஷி. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இஸ்திரி மேஜ பக்கம் மட்டும் சாஞ்சுடாதீங்க, கொதிக்குது.

கோட்டா? வரும், வரும். கோட்டுக்கு என்ன காலா மொளைச்சிருக்கு ஓடறதுக்கு... உள்ளதான் இருக்கு. எடுக்கறதுல ஒரு சின்ன சிக்கல், ஒண்ணுமில்ல, சொல்றேன். சீட்டு உங்க கைலயே இருக்கட்டும். துணிய குடுத்த பிறகுதான் சீட்ட ரெண்டா கிழிப்போம். கிழிஞ்ச சீட்டுன்னா துணி உரியவங்க கைக்கு போயாச்சுன்னு அர்த்தம். கிழியாத சீட்டு ஒண்ணு இருந்தாலும் எனக்கு சோறு எறங்காது. அப்படி ஒரு ஜென்மம் நான்.

இன்னைக்கு எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. நாளைக்கு காலைல ஃப்ளைட்டு. யாருக்கா? எனக்குத்தாம்மா. ஐம்பத்திரண்டு வயசுல மொத தடவ. வெளிநாட்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு, ஒம்போது நாள். அங்க இப்ப வசந்த காலமாம்.

வசந்த காலத்துக்கு என்ன துணி எடுத்துட்டு வரதுன்னு கேட்டது ஒரு குத்தமா? தங்கச்சி, 'அடுக்கடுக்கா போட்டுக்கற மாதிரி எடுத்துட்டு வாக்கா'ங்கறா. அடுக்கடுக்கா போட நான் என்ன வெங்காயமா? அவ வீட்டுக்காரர் ஃபோன வாங்கி, 'வெயில் அடிக்கும், ஆனா சுடாது'ங்கறார். சுடாதத எதுக்கு வெயில்னு சொல்லணும்? மாடி வீட்டு டீச்சரம்மா ஒரு தடவ போயிட்டு வந்தவங்க. அவங்களக் கேட்டா, காலைல நடுங்கும், மத்தியானம் வேர்க்கும், சாயங்காலம் நனையுங்கறாங்க. சரி, மூணு வேளைக்கு மூணு செட்டு, ஒம்போது நாளைக்கு இருபத்தேழு. எடுத்து கட்டில் மேல பரப்பினேன். எங்க வீட்டுக்காரர் படுக்க எடம் இல்லாம ரெண்டு நாளா சோபால கெடக்கறார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்ல. சூட்கேஸ் இருபத்திமூணு கிலோவத் தாண்டக் கூடாதாம். எடை மெஷின்ல சூட்கேஸோட ஏறி நின்னார். நூத்தியேழு காட்டிச்சு. 'என் எடை எழுபத்திரண்டு, கழிச்சா முப்பத்தஞ்சு. பன்னெண்டு கிலோவ எடுத்து வெளிய போடு'ன்னார். போட்டேன், மனசு பொறுக்காம ஒவ்வொண்ணா போட்டேன். அப்புறந்தான் எனக்கு பொறி தட்டிச்சு. 'ஏங்க, சூட்கேஸ கீழ வச்சிட்டு நீங்க மட்டும் ஏறுங்க'ன்னேன். எண்பத்தஞ்சு! கல்யாணத்தப்ப இருந்த எடைய மனுஷன் இன்னும் சொல்லிட்டிருக்கார். மறுபடி எல்லாத்தையும் உள்ள வச்சேன்.

இதுல எம்பொண்ணு வேற. எல்லாமே கறுப்பா எடுத்துக்கோம்மா, எதோட வேணா சேரும்ங்கறா. நான் ஊர் சுத்திப் பாக்கப் போறேனா, துக்கம் கேக்கப் போறேனா? அதவிட, துணிய மடிக்கக் கூடாதாம், உருட்டணுமாம். உருட்டினா எடம் மிச்சமாம். பாய் சுருட்டற மாதிரி எம்புடவைய சுருட்டறா. எங்கிட்டயே! ஆயிரம் சட்டைய மடிச்ச கைம்மா இது. எல்லாத்தையும் பிரிச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு வச்சேன். அவ பிரிச்சு உருட்டறா. நான் பிரிச்சு மடிக்கறேன். சூட்கேஸோட ஜிப்பு அழுதுது.

இதோ, இதோ. கோட்டுதானே? இருங்க. ஆமா, நீங்க ஏம்மா ரெண்டு மாசமா வரவே இல்ல? ஓ... பட்டன் சேரலையா? குழந்த பொறந்த பிறகா? அதுக்கென்ன, சேரும் சேரும், சேராட்டி போகட்டும். பிரிச்சு விட்டுத் தைக்கலாம்னா தையலுக்குள்ள மிச்சத் துணி கெடையாது. எப்படித் தெரியுமா? பாத்தேன். சும்மா... வெளுக்கறவ துணிய பாக்காம இருப்பாளா?

நல்ல கோட்டும்மா அது. காலர கையால தைச்சிருக்காங்க. நானும் எனக்குன்னு ஒண்ணு வாங்கலாம்னு நாலு கடை ஏறி எறங்கினேன். எல்லாம் உள் துணிய பசை வச்சு ஒட்டினது. ரெண்டு வெளுப்புல பல்ல இளிச்சிடும். இந்தத் தொழில்ல இருக்கறவளுக்கு எதுவும் கண்ணுக்கு புடிக்காது, அதான் வெனை.

ஏன் கோட்டு கோட்டுன்னு பறக்கறேன்னு பாக்கறீங்க. சொல்லிடறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சி இங்க வந்திருந்தா. நீங்க உக்காந்திருக்கற அதே எடத்துல நின்னு, 'ஊர் துணியெல்லாம் உங்கைல பளபளங்குது, நீ மட்டும் ஏன்க்கா கஞ்சி போடாத துணி மாதிரி தொங்கிப் போயிருக்க'ன்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா. எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரல. கூடப் பொறந்தவ சொன்னா அது போகவே மாட்டேங்குதும்மா, எந்த சோப்புக்கும் போகல. நாளைக்கு நான் அங்க எறங்கும்போது அவ ஒரு நிமிஷம் வாயடைச்சு நிக்கணும். ஒரே ஒரு நிமிஷம். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

இல்ல, இல்ல, எழுந்துக்காதீங்க. அந்தப் போர்ட பாத்தீங்களா, உங்க தலைக்கு மேல? 'அறுபது நாளுக்கு மேல் எடுக்காத துணிக்குக் கடை பொறுப்பல்ல.' நான்தான் எழுதி மாட்டினேன். உங்க கோட்டுக்கு இன்னைக்கு ஐம்பத்தொம்போது. நாளைக்கு நான் ஆகாசத்துல இருக்கும்போது அறுபது.

அப்படிப் பாக்காதீங்கம்மா. இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் துணிய நான் தோள்ல போட்டதில்ல, சத்தியமா. போன ஞாயித்துக்கெழம ஆள் இல்லாத நேரம், இஸ்திரி போட்டு முடிச்சேன், கை சும்மா இருக்கல. ஒரு கைய மட்டும் நுழைச்சேன். ஒரு கை போனா இன்னொரு கை சும்மா இருக்குமா? கண்ணாடில பாத்தா, யாரோ ஒரு பெரிய மனுஷி நிக்கறா. ஃபோட்டோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். 'யாரோடதுக்கா இது, எங்க வாங்கின'ன்னு கேட்டா. என்னோடதுதான்னு வாய் தானா சொல்லிடுச்சு. 'இதையே போட்டுட்டு வாக்கா, வெந்தயக் கலர வச்சு கூட்டத்துல கண்டுபிடிச்சிடறேன்'னுட்டா.

ஆமாம்மா. சூட்கேஸ்லதான் இருக்கு. மேலாப்புல, மடிச்சு.

எல்லாம் நானா தேடிக்கிட்டதுதான். காலைல அந்த ஃபோன மட்டும் பண்ணாம இருந்திருந்தா நீங்க வந்தே இருக்க மாட்டீங்க. கடை மானத்துக்காக பண்ணேன்னு சொன்னேனே, பொய். ஃபோட்டோல இடுப்பு தொளதொளன்னு இருந்துது. பெல்ட் கட்டினா எடுப்பா இருக்குமேன்னு ஒரு பேராசை. பெல்ட் வந்தா கூடவே கோட்டுக்காரங்களும் வருவாங்கன்னு இந்த மண்டைக்கு தோணல பாருங்க.

இருங்க, வீடு பின்னாலதான், கொண்டு வரேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம், உங்க பொருள் உங்களுக்கு. ஏங்க, அந்த சூட்கேஸத் தெறங்க. ஆமா, மறுபடியுந்தான். எடை பாக்க வேண்டாம், தெறங்க போதும்... கேக்குதாம்மா? தங்கச்சிகிட்ட என்ன சொல்றதுன்னு வழியில யோசிச்சுக்கறேன். கோட்டு கிழிஞ்சிடுச்சுன்னு சொல்லலாம். இல்ல, வெளுக்கப் போட்டிருக்கேன்னு சொல்லலாம், அது ஒருவிதத்துல உண்மை. பழைய நீல ஸ்வெட்டர் ஒண்ணு இருக்கு, அதையே போட்டுக்கறேன். முழங்கை கொஞ்சம் தேஞ்சிருக்கு, கைய மடிச்சு வச்சுட்டே நடந்தா தெரியாது... கறை ஒண்ணும் படல, நீங்களே பாத்துக்கோங்க. இந்தாங்க. வாங்கிக்கோங்க...

அம்மா?

எங்க போனாங்க? ஏங்க, வெளிய யாராவது நிக்கறாங்களா பாருங்க. ஸ்டூல் காலி. கோட்ட எடுக்காமலே... கோவமா போயிட்டாங்களோ? நான் ஒரு ஓட்ட வாய், வந்தவங்கள உக்கார வச்சு...

இது என்னது, மேஜ மேல? பெல்ட்டு. பாருங்களேன், இதையும் உருட்டி வச்சிருக்காங்க, எல்லாரும் இப்படித்தானா. அதுக்கு அடியில என்ன... சீட்டு. ஏங்க, சீட்டு. ரெண்டா கிழிச்சிருக்கு.

ரெண்டா கிழிச்சு வச்சிட்டு போயிருக்காங்கங்க.

அழல, நீராவி. இஸ்திரிப் பெட்டி நீராவி. நில்லுங்க, இதப் புடிங்க, கைய விடறேன். அந்தக் கை. இப்ப பெல்ட்ட எடுங்க, வளையத்துல விடுங்க, முறுக்காம விடுங்க. இழுத்துக் கட்டுங்க. இன்னும். எப்படி இருக்கேன்?

கழட்டறதா? நாளைக்கு தங்கச்சி பாத்தப்புறம் கழட்டறேன். வேர்க்குதுதான். வேர்க்கட்டும்.