ஹெட்போனில் கேட்ட கத்தரிச் சத்தம்

எனக்கு வயது எழுபத்து நாலு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மேலப்பாளையம் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு இளவட்டங்கள், தங்கள் விலை உயர்ந்த ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். துபாயிலிருந்து வந்திருந்தவன் சொன்னான்:

"உன்னதுல பாட்டு நல்லா அதிருது மாப்ள. ஆனா எங்க உம்மா பொய் சொல்லுததக் காட்டிக்குடுத்தது என்னதுதான்."

"ஏலே, பொய்க்குன்னு தனி பட்டன் வச்சிருக்கானா?"

"கேளு. பீடி சுத்துதத விட்டுட்டேன்னு உம்மா வாய்ஸ் அனுப்புவா. பழைய ஹெட்போன்ல அவ பேச்சு மட்டுந்தான் கேட்டுச்சு. இதுல, பின்னால கத்தரியால பீடி இலை வெட்டுத சத்தம். நடுவுல வாயப் பொத்திக்கிட்டு இருமுதா."

"அதான் லீவு போட்டு ஓடி வந்தியா?"

"ஆமா. மறுநாளே ஆஸ்பத்திரி. நல்ல வேள, இப்பவே கூட்டிட்டு வந்தீங்கன்னாரு டாக்டர். இருமல் நின்னுட்டு, அல்ஹம்துலில்லாஹ். இப்ப கத்தரிய எங்கலே ஒளிச்சு வச்சேன்னு என்ட்ட சண்ட போடுதா."

மற்றவன் சிரிக்கவில்லை. தன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான்.

"உன்னத இங்கன கொண்டா. நல்லா இருக்கேன்னு எங்க அக்கா சென்னையிலருந்து வாய்ஸ் அனுப்புதா. ஒருக்கக் கேட்டுப் பாக்கேன்."

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசி பார்ப்போம். அந்தப் பிள்ளை உம்மாவுக்கு இருமல் நின்னதுக்கு அல்லாவுக்கு நன்றி சொன்ன இடத்தை மட்டும் பைய வாசி.