வள்ளலுக்குப் பிடித்த கை

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஏரியை ஒட்டிப் போகிற புதுச் சாலை. அந்தப் பக்கம் வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு டீ குடிக்கக்கூட வழி கிடையாது. சாலை போட்டதே கோடியில் இருக்கிற இரண்டு கட்டடங்களுக்காகத்தான். என் தோழியின் தம்பி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிறார். மடியில் ஒரு பொட்டலம். பழைய துண்டில் சுற்றியது. உள்ளே இருப்பது... அவர் பெண்டாட்டியின் வலது கை.

இருங்கள், யாரும் எழுந்து ஓட வேண்டாம். நிஜக் கை இல்லை, பிளாஸ்டர் கை. அச்சு எடுத்துச் சிலை வார்ப்பதுதான் அவர் தொழில். மாடி வீட்டுத் தம்பி, அந்த செல்போன் விளக்கை அணையுங்கள். கரண்ட் வரும்வரை ஒரு கதை சொல்லுங்கள் என்று படிக்கட்டில் வந்து உட்கார்ந்தது நீங்கள்தான். அப்புறம் தனியாக மாடி ஏறமாட்டேன் என்றால் நான் துணைக்கு வரமாட்டேன்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கை சுட்டது.

காலையில் வார்த்த கை. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கொஞ்ச நேரத்தில் ஆறிக் கல்லாகிவிடும். இது பொழுது சாய்ந்தும் ஆறவில்லை. துண்டையும் தாண்டித் தொடையில் சூடு ஏறுகிறது. கொதிக்கிற சூடு இல்லை... காய்ச்சல்காரர் கையைத் தொட்டால் தெரியுமே, அந்தச் சூடு.

அவருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சூடு அடங்காத வார்ப்பு விரிசல் விடும். செய்த வேலை பாழாகிவிடுமே என்று வண்டியை ஓரம் கட்டினார். ஏரியில் இறங்கி அந்தக் கையைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்தார். உஸ்ஸென்று சத்தம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பாசி வாடை மட்டும் குப்பென்று ஏறியது. தண்ணீருக்குள் ஏதோ அவர் மணிக்கட்டை உரசியது. மீன் என்று நினைத்துக்கொண்டார்.

துடைத்துச் சுற்றி, கோடியில் இருந்த ஒரு கட்டடத்தில் கொடுத்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், மனைவி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். வலது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"என்னங்க... சாயங்காலம் டூட்டில இருக்கும்போது திடீர்னு இந்தக் கை மட்டும் ஜில்லுன்னு ஆயிடுச்சு. கையில இருந்ததைக் கீழ போட்டுட்டேன். இங்க பாருங்களேன்."

விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி. இடது கை சாதாரணமாக இருந்தது. வலது கையை அவர் மூக்கருகே கொண்டுபோனார். பாசி வாடை அடித்தது.

இப்போது அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது ஒரு அருங்காட்சியகம். பக்கத்திலேயே நூலகம். இரண்டையும் கட்டிக் கொடுத்தவர் ஒரு பெரும் பணக்காரர். ஊரில் அவருக்கு வள்ளல் என்றே பேர். எங்கோ பிறந்தவர், எங்கோ சம்பாதித்தவர். ஊர் ஊராகப் போய் நூலகம் கட்டுவார், அருங்காட்சியகம் கட்டுவார். நன்கொடை கேட்கமாட்டார், தேர்தலில் நிற்கமாட்டார். பிள்ளைகளுக்குப் பளபளவென்று புத்தகம், ஏசி ஹால், உட்கார மெத்தை வைத்த நாற்காலி. ஊரே கும்பிட்டது.

என் தோழிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். துணி அளக்கிற மாதிரியே ஆளையும் அளப்பாள். "ஒருத்தன் இவ்ளோ குடுக்கறான், ஒண்ணுமே கேக்கமாட்டேங்கறான். எங்கயோ இடிக்குதுடி" என்பாள். உனக்கு வயிற்றெரிச்சல் என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

உண்மையில் அவர் ஒன்று கேட்டார். ஊரில் நல்ல வேலைக்காரர்களின் கைகளை அச்சு எடுத்துத் தர வேண்டும். அருங்காட்சியகத்தில் அதற்கென்றே ஒரு பெரிய கூடம். "ராஜாக்களோட வாளை எல்லாரும் வைக்கறாங்க. உழைச்ச கையை யார் வைக்கறாங்க?" என்று மேடையில் பேசினார். கேட்டவர்கள் கண் கலங்கிப் போனார்கள். அச்சு எடுக்கிற வேலை என் தோழியின் தம்பிக்குக் கிடைத்தது. பல் டாக்டர் வாயில் அச்சு எடுக்க ஒரு பசை வைப்பாரே, அது மாதிரிப் பசையில் கையை விடச் சொல்லி, இறுகினதும் உருவச் சொல்லி, அந்தக் குழியில் பிளாஸ்டர் ஊற்றுவார். ரேகைகூடப் பிசகாது.

முதலில் கொத்தனார் கை. அடுத்து முடி திருத்துகிறவர் கை. அப்புறம் ரொட்டிக் கடைக்காரர், தச்சர், இன்னும் சிலர்.

கொஞ்ச நாளில் கொத்தனார் கட்டின சுவர் வளைந்தது. முடி திருத்துகிறவர் ஒருவர் காதை வெட்டிவிட்டார். வயசாயிடுச்சு என்றார்கள், குடி என்றார்கள், கண்ணு பட்டுடுச்சு என்றார்கள். ஆளுக்கொரு காரணம் கையில் இருக்கும்போது யார் வள்ளலைச் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆனால் என் தோழி இன்னொன்றைக் கவனித்திருந்தாள். நூலகம் திறந்த அன்றைக்கு வள்ளலால் ரிப்பன் வெட்ட முடியவில்லை. கை அப்படி நடுக்கம். கத்தரிக்கோல் இரண்டு தடவை கீழே விழுந்தது. அவருடைய மேனேஜர் கையைப் பிடித்து வெட்ட வைத்தார். பாவம் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அருங்காட்சியகம் திறந்த அன்றைக்கோ எள்ளுப் போட்டால் விழாத கூட்டம். அதே மனிதர் சரக்கென்று ஒரே வெட்டு. அதோடு விடவில்லை. புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் வைக்கக் கரண்டியை வாங்கினார். கலவையை அள்ளி வைத்தார், தடவினார், ஓரத்தில் பிதுங்கினதை வழித்துச் சட்டிக்குள் சுண்டிப் போட்டார். கை தட்டல் பறந்தது. கூட்டத்தில் நின்ற கொத்தனார் மட்டும் தட்டவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு அப்புறம்தான் மேனேஜர் தம்பியிடம் வந்து, "உங்க வீட்டம்மா கை ஒண்ணு வேணும், ஐயா ஆசைப்படறார்" என்று கேட்டது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்றுவிட்டார்.

ஏன் அவள் கை என்கிறீர்களா? அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பிஞ்சுக் கையில் நரம்பு பிடிக்க டாக்டர்களே திணறுவார்கள். அவள் இரண்டு விரலால் மெல்லத் தட்டுவாள், குனிந்து ஊதுவாள், "முடிஞ்சுதுடா தங்கம்" என்பாள். நிஜமாகவே முடிந்திருக்கும். "ஒரே குத்து அக்கா டூட்டியில இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாய்மார்கள் பிள்ளையை உள்ளே தூக்கி வருவார்கள். கைராசி என்றால் அப்படியொரு கைராசி.

அச்சு எடுத்த பிறகு அந்தக் கை போயிற்று.

மறுநாள் வார்டில் ஒரு கைக்குழந்தை. காய்ச்சலில் வாடிக் கிடக்கிறது. இவள் குத்துகிறாள், நரம்பு சிக்கவில்லை. மறுபடி குத்துகிறாள். குழந்தை அழுது அழுது குரல் போய்விட்டது. தாய் இவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "என் புள்ளையக் கொல்லப் பாக்கறியா?" என்று கத்துகிறாள். வேறொரு நர்ஸ் ஓடி வந்து குழந்தையைக் காப்பாற்றினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளால் சட்டைப் பித்தானைக் கழற்ற முடியவில்லை. நாத்தனார் மடியில் முகம் புதைத்து அழுதாள். என் தோழிதான் அந்த நாத்தனார்.

"அக்கா, மூளை சொல்லுது, கை கேக்கமாட்டேங்குது. வேற யாருக்கோ வேலை செய்யற மாதிரி இருக்கு அக்கா."

தம்பி அப்போதுதான் ஏரியில் முக்கின கதையைச் சொன்னார். அடுத்த நிமிடமே என் தோழி தம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நூலகம் திறந்துதான் இருந்தது. சிறுவர் பகுதியில் வள்ளல் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சின்னப் பெண், விரலில் சிராய் ஏறி விசும்பிக்கொண்டிருக்கிறாள். வள்ளல் அந்த விரலைப் பிடித்தார். இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். குனிந்து ஊதினார்.

"முடிஞ்சுதுடா தங்கம்."

முடிந்திருந்தது. என் தோழி தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். கைகள் இருக்கிற கூடம். புதுச் சுண்ணாம்பு வாசம். ஏசி உறும்... என்கிறது. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் உட்புறக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

மேனேஜர் பின்னாலேயே வந்துவிட்டார். பெட்டியைத் திறக்கச் சொன்னாள் என் தோழி. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த ஆள். சாவியை எடுத்து நீட்டினார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுப் பொருள்தானே. ஆனா வீட்ல வெச்சிருக்கும்போது கைதவறிக் கீழ விழுந்துட்டா...? இங்கன்னா பூட்டு இருக்கு, வாட்ச்மேன் இருக்கார். நீங்களே யோசிச்சுக்கங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாராம். தண்ணீரில் முக்கினதற்கே அவள் கை சுருங்கியது. விழுந்து உடைந்தால்? தம்பி சாவியை வாங்கவில்லை. என் தோழி வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் அவளும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவியும், "அங்கயே இருக்கட்டும். என்னைக்காவது திரும்பி வரும்" என்றுவிட்டாள். அவளை வார்டிலிருந்து மாற்றி, சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் வள்ளல் செத்துப்போனார். நல்ல சாவு, தூக்கத்தில். நூலகத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். ஊரே திரண்டு போனது. இவர்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. சொன்னால் பாவம், அன்றைக்கு அவர்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆள் போய்விட்டார், கை திரும்பிவிடும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

தம்பி மனைவி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணி கையிலிருந்து நழுவியது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கின... யாரோ கை குலுக்கப் பிடிக்கிற மாதிரி. அப்படியே நின்றுவிட்டன.

"என்னங்க, யாரோ கையைப் பிடிக்கறாங்க. விடச் சொல்லுங்க. என்னங்க, விடச் சொல்லுங்களேன்!"

நாத்தனாரும் புருஷனும் சேர்ந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. தம்பி மேனேஜருக்குப் போன் போட்டார்.

"அந்தக் கையா? அது ஐயாவோட போயிடுச்சே. அவருக்கு ரொம்பப் பிடிச்ச கை. தன்னோட வைக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தார். சவப்பெட்டிக்குள்ள நான்தான் அவர் கையில வெச்சேன். இப்பத்தான் மண்ணு போட்டு முடிச்சோம்."

என் தோழி விடவில்லை. தோண்டி எடுங்கள் என்று போகாத ஆபீஸ் இல்லை, விழாத கால் இல்லை. ஊர் காறித் துப்பியது. "நம்ம புள்ளைங்க படிக்க இவ்ளோ பண்ணின மனுஷன். அவர் சமாதியத் தோண்டணுமாம். நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று அவள் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அவள் கடையில் துணி தைக்கக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். டாக்டர்கள் தம்பி மனைவியின் கையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு சரி, நரம்பு சரி, ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

நான் போன மாதம் தம்பி மனைவியைப் போய்ப் பார்த்தேன். எப்போதும் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தே வைத்திருக்கிறாள். என்னிடம் மட்டும் காட்டினாள். புறங்கையில் வரிசையாகப் பள்ளம். நாலு விரல் பதிந்த பள்ளம். தொட்டேன்... ஐஸ்.

"வலிக்குதாம்மா?" என்றேன். வேறென்ன கேட்பது?

"முன்னாடி இவ்ளோ வலிக்கலக்கா. அப்ப பள்ளம் அகலமா இருக்கும், பிடி மெத்துன்னு இருக்கும். இப்ப பாருங்க, பென்சில் கனம்தான். சதையெல்லாம் போயிடுச்சு போல, வெறும் எலும்பா குத்துது" என்றாள். "ஆனா இன்னும் விடலக்கா."