பூசைக்கு மட்டும்

பெயிண்ட் அடிக்கறது கடைசிலீங்க தம்பி. மொதல்ல இருக்கற பெயிண்ட்டச் சொரண்டோணும். அப்பறம் உள்ள தண்ணி ரொப்பி அழுத்திப் பாக்கற டெஸ்ட்டு. அதுல ஒழுகாம நின்னாத்தான் பெயிண்ட்டு, தேறுச்சுன்னு கட்டற சீட்டு எல்லாம். நீங்க தலைகீழாக் கேக்கறீங்க.

தெரியுதுங்க, நாளைக்கு ஆயுத பூசை. சூலூரு முச்சூடும் இன்னைக்கு அவசரந்தான். மில்லு வாசல்ல தீயணைக்கற சிலிண்டரு நாலும் செவப்பா, வரிசையா நிக்கோணும். சந்தனம் பூசோணும், குங்குமம் வெக்கோணும், மொதலாளி வந்து கும்புடோணும். நாளப்பின்ன ஆபீசருங்க வந்து பாத்தா சீட்டு தொங்கோணும். எல்லாந் தெரியுமுங்க. நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், செவுத்தோரமா இழுத்துப் போட்டுக்குங்க.

ரூபா, இவுங்க சிலிண்டர உள்ள எடுத்துக்க கண்ணு.

என்ற பையனுங்க, ரூபன். கடை அவனுதுதான். நான் அவன் அம்மா, மாரியாத்தா. இங்க வந்து உக்காந்து பழமை பேசறதுதான் எனக்கு வேல.

அய்யோ, இல்லீங்க, ஊமையெல்லாம் இல்லீங்க. கோவமும் இல்லீங்க. பேச்சு கம்மி, அவ்வளவுதான். எனக்கு வாய் மூடாது, அவனுக்கு வாய் தெறக்காது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா ஒரு குடும்பத்துக்குச் சரியா வந்துரும். சிரிங்க, சிரிங்க, அவன் தப்பா நெனைக்கமாட்டான்.

ஏனுங்க தம்பி, அதத் தொடாதீங்க.

சாமி படத்துக்குக் கீழ இருக்கறது விக்கறதுக்கில்லீங்க. டெஸ்ட்டுக்கு வந்ததுமில்லீங்க. பழசு. அடித்தகடு கிழிஞ்சு கெடக்குது, கைய அறுத்துப்போடும். அதுக்குத்தான் துணி போட்டு மூடியிருக்கறேன். பூவுங்களா? காலைல சாமிக்கு வெக்கறப்ப அதுக்கும் ஒரு துண்டு கிள்ளி வெப்பேன். பழக்கமாயிருச்சு.

உங்களது பஞ்சு மில்லுதானுங்களே? அப்ப இது தண்ணிச் சிலிண்டருதான். உள்ளாற எந்நேரமும் தண்ணி நிக்குது. மேல இருக்கற குமிழ ஒரு தட்டுத் தட்டுனா, உள்ள இருக்கற கேஸ் குப்பி ஒடஞ்சு அந்தக் காத்து தண்ணியத் தள்ளும். நீங்க கொழாயப் புடிச்சுத் தீ மேல காட்டறீங்க. ஆனா அந்தக் காத்துக்குக் கொழாய்ப் பக்கம்னு தெரியுமுங்களா? அது நாலாப் பக்கமுந்தான் தள்ளும், அடித்தகட்டையுந்தான். வெளிய பாத்தா வருசாவருசம் பூசைக்கு அடிச்ச பெயிண்ட்டு கண்ணாடியாட்ட மினுக்கும். உள்ளாற அடி விளிம்புல துரு தின்னுட்டே இருக்கும். பெயிண்ட்டு மேல பெயிண்ட்டு ஏறுது, தகடு எளைச்சுட்டே போகுது.

அட, நான் அஞ்சாப்புத்தானுங்க. பெரிய படிப்பெல்லாம் இல்ல. பாத்துப் பாத்து வந்ததுதான்.

ஆமாங்க, முன்னயெல்லாம் இவ்வளவு நேரம் ஆகாது. நீங்க சொல்றது நெசந்தான். முன்ன அவனே டெஸ்ட்டு பண்ணி அவனே சீட்டுக் கட்டிருவான். இப்பக் கட்டறதில்லீங்க. சீட்டுன்னா அது நாந்தான் கட்டோணும். மீட்டர் கண்ணாடில எனக்குன்னு செவப்புல ஒரு கோடு போட்டுக் குடுத்திருக்கறான். அவன் கைப்பம்பு அடிச்சு ஊசிய அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து விட்டுருவான். பொறவு அவன் கடியாரத்தப் பாப்பான், நான் மனசுக்குள்ள ஆத்தா போற்றிய மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லுவேன். ரெண்டும் முடியற வரைக்கும் ஊசி அசையக் கூடாது. கண்ணு ஏமாந்தாலும் ஆத்தா ஏமாறமாட்டான்னு நான் சொல்லுவேன். அவன் கடியாரத்தையே பாத்துட்டு இருப்பான்.

நடுவுல ஏதாச்சும் புதுசு கத்துக்கிட்டா வேலைய மாத்திப்போடுவான். தேறாத சிலிண்டர அப்படியே திருப்பிக் குடுத்துட்டு இருந்தான். யாரோ அதையே பெயிண்ட் அடிச்சு மாட்டறாங்கன்னு தெரிஞ்சுது. அப்பறம் அடியில டிரில்லு போட்டு ஓட்டை பண்ணிக் குடுத்தான். ஒரு பட்டறைக்காரரு என்ன பண்ணுனாரு தெரியுங்களா? அந்த ஓட்டைய வெல்டிங் வெச்சு அடைச்சு, மேல பெயிண்ட் அடிச்சு, போன வருசம் பூசைக்கு வெச்சுட்டாரு. நல்ல சாமானு, எதுக்கு வீணாக்கோணும்னு கேக்கறாரு. அதுக்கு மேல, மூடி மாட்டற கழுத்து மரையவே அறுத்துப்போடறான். இனி எந்த மூடியும் அதுல ஏறாது. அந்த மூடியில, கழட்டறப்பக் காத்து வெளிய போறதுக்குன்னு சின்னச் சின்ன ஓட்டை இருக்குதில்லீங்களா, அதையுங்கூட ஊசி விட்டுக் குத்திப் பாப்பான். பெயிண்ட் அடிக்கறவங்க அதையும் அடைச்சுப்போடறாங்க.

காப்பி ஆறுதுங்க, குடிங்க. சக்கரை பத்துமுங்களா?

வாங்க, கூப்பிடறான். அதுதான், கைய ஆட்டுனா கூப்பிடறான்னு அர்த்தம். பாத்து, கீழ தண்ணி.

மூணு நின்னுருச்சுங்க. ஊசி கோட்டுல ஒட்ட வெச்சாப்பல நின்னுச்சு. இந்த நாலாவதப் பாருங்க. அடி விளிம்புல, இங்க. பெயிண்ட்டச் சொரண்டுன எடத்துல வேர்த்தாப்பல பொட்டுப் பொட்டாத் தண்ணி. ஊசியும் எறங்குது பாருங்க. தண்ணியா இருக்கறதால வேர்த்ததோட போச்சு. காத்து ஏறியிருந்தா வேர்க்காதுங்க, கிழிச்சுட்டுப் போயிரும்.

எத்தன வருசமா வெச்சிருக்கறீங்கன்னு நான் கேக்கலீங்க. உங்க மேல குத்தஞ் சொல்லவுமில்ல. அது போயிருச்சு, அவ்வளவுதான்.

என்னங்க தம்பி?

பூசைக்கு மட்டுமா?

உக்காருங்க தம்பி. இப்படி உக்காருங்க. நான் ஒண்ணு சொல்றேன், அப்பறம் உங்க இஷ்டம். சிலிண்டரு உங்க மில்லோடது. வேண்டாம்னு நீங்க தூக்கிட்டுப் போனா நாங்க கையப் புடிச்சு இழுக்க முடியுமுங்களா?

இதே மாதிரி ஒரு ஆயுத பூசைக்கு மொத நாளுங்க. பீளமேட்டுப் பக்கத்துல ஒரு மில்லு. ஆபீசு வேலைல இருந்த புள்ள ஒண்ணு, ஆட்டோவுல சிலிண்டரெல்லாம் போட்டுக்கிட்டு வந்துச்சு. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அதே ஸ்டூலு. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. என்ன கடை இது, பிரசவ ஆசுபத்திரியாட்ட உக்கார வெச்சுட்டீங்களேன்னுச்சு. நான் ஊட்டுல இருந்து காப்பி கொண்டுட்டு வந்தேன், அதையும் வாங்கிக் குடிச்சுட்டு, இது காப்பியா கழனித்தண்ணியான்னுச்சு. ரூபன் கூட அன்னைக்குச் சிரிச்சானுங்க. அப்பெல்லாம் சிரிப்பான்.

ஒரு சிலிண்டரு நிக்கல. இதாட்டந்தான், அடியில வேர்க்குது. இது ஆகாதுன்னான். அந்தப் புள்ள, அண்ணா அண்ணான்னு கெஞ்சுது. வரிசைல ஒண்ணு கொறஞ்சா மேனேசரு எல்லாரு முன்னாலயும் என்னைத்தான் கேப்பாருண்ணா, பூசைக்கு மட்டும் நிக்கட்டும், முடிஞ்ச மறுநாளே நானே கொண்டாந்து குடுத்தர்றேன்னு. இவனும் பாத்தான். செரி, நிக்கட்டும், ஆனா யாரும் எடுக்கக் கூடாது, நீயும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு, பெயிண்ட் அடிச்சு, சீட்டையும் கட்டிக் குடுத்துட்டான். சீட்டு இல்லாம நின்னா வரிசைல தனியாத் தெரியுமில்லீங்க.

பூசை முடிஞ்சுது. நோம்பி லீவு வந்துச்சு. மறுநாளு அடுத்த நாளாச்சு. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? மாலை போட்ட சாமான மாலையோடவே கொண்டுபோயி கழிவுப் பஞ்சு குடோன் வாசல்ல வெச்சுட்டாங்க. சந்தனம் பூசியிருக்குது, சாமி சாமானு, எடுத்து ஓரமா வீசவும் மனசு வரல. அந்தப் புள்ளைக்கும் ஆயிரம் வேல, மறந்துபோச்சு.

குடோன்ல பொகை வந்தப்ப எல்லாரும் வெளிய ஓடுனாங்களாம். அது உள்ள ஓடுச்சாம். கைக்குக் கெடச்சது அந்தச் சந்தனம் பூசுனது. எடுக்கறப்பச் சீட்டப் பாத்துச்சாம். அண்ணன் சீட்டு இருக்குது, இது நல்லதுதான்னு கூட இருந்தவகிட்டச் சொல்லிட்டே குமிழத் தட்டியிருக்குது. பூசைக்குன்னு வந்தது எதுன்னு அந்த நேரத்துல எப்படிங்க நெனப்பு வரும்? எல்லாமே ஒரே செவப்பு.

அடி கிழிஞ்சு சிலிண்டரு மேல வந்துருச்சு. நேரா.

தீயுங்களா? அது பெரிய தீயே இல்லீங்க. வாளித் தண்ணில அணைச்சுட்டாங்க.

இல்லீங்க. ஆசுபத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுக்குள்ளயே முடிஞ்சுருச்சு.

இதுக்கு யாரு பதில் சொல்றதுன்னு நீங்க கேக்கறாப்பலதான் ஊரே கேட்டுச்சு. அந்தப் புள்ளையோட அம்மாகிட்டச் சொன்னாங்க, சும்மா விடாதே, கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும், நீ ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சு அப்பிட்டு வா, அநியாயம் பண்ணுனவன ஆத்தா பாத்துக்குவான்னு. அவளும் சாமி நம்பிக்கை உள்ளவதான். பஸ் ஏறிப் போனா. கல்லுல மொளகா வெச்சு, தண்ணி தெளிச்சு, கொழவியயும் எடுத்துட்டா. யாரு பண்ணுனாங்களோ அவுங்க பேர மனசுல சொல்லித்தானுங்க அரைக்கோணும்? பக்கத்துல எல்லாரும் அழுதுட்டே அரைக்கறாங்க. இவளுக்குப் பேரு வாய் வரைக்கும் வருது. கை எறங்க மாட்டேங்குது. நனைஞ்ச மொளகாய வழிச்சு முந்தியில முடிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டா.

எப்படித் தெரியுமுங்களா?

அந்த மொளகாய அன்னைக்குப் பொழுதோட நாந்தானுங்க கொளம்புக்குப் போட்டேன். ரூபனுக்குச் சோறு போட்டு ஊத்துனேன். எதிர்ல உக்காந்து நானும் தின்னேன். ஊட்டுல அப்ப ரெண்டே பேருதானுங்களே, மதிவதனி இல்லாம. அவன் தங்கச்சிங்க. எம்பட கடைசிப் புள்ள. மொகத்த எனக்குக் காட்டலீங்க, துணி மூடியேதான் குடுத்தாங்க.

அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க தம்பி. கேசு முடிஞ்சப்பறம் அந்தக் கிழிஞ்ச சிலிண்டர அவனே கேட்டு வாங்கிட்டு வந்து சாமி படத்துக்குக் கீழ வெச்சான். அதுக்கப்பறந்தான் வாய் தெறக்கறதில்ல. திட்டுனாலாச்சும் ஒரு வார்த்த வருமான்னு திட்டியும் பாத்தேன். வேலைல மட்டும் ஒவ்வொண்ணா மாத்திட்டே இருக்கறான். இன்னும் எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு, அதக் கண்டுபுடிச்சுட்டா அவ வந்துருவாங்கற மாதிரி.

உங்க மொதலாளிகிட்ட என்ன சொல்றதுன்னா கேக்கறீங்க? மூணுதான் தேறுச்சுன்னு சொல்லுங்க. வரிசைல ஒரு எடம் காலியா நிக்கட்டுமுங்க. காலி எடத்துக்குச் சந்தனம் வெச்சாலும் சாமி ஏத்துக்கும்.

அப்ப அறுக்கச் சொல்லட்டுங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி, அவனுக்குக் கேக்கோணும்.

ரூபா, இவுங்க செரின்னுட்டாங்க. மரைய அறுத்துப்போடு கண்ணு.

சத்தம் கொஞ்சம் பல்லு கூசும், பொறுத்துக்குங்க. அதுக்குள்ள நான் அந்த மூணுக்கும் சீட்டக் கட்டிர்றேன்.