வழியனுப்ப வந்த சனம்

— அப்போ, உன்ன வழியனுப்ப வந்த சனம் மொத்தமும் ஏர்போர்ட்டுக்குப் போயிடுச்சு. போவ வேண்டிய நீ மட்டும் புதுவாயல் கூட்ரோட்டுல நிக்கிற. அதானே நைனா?

— சிரிக்காதீங்க பெரியவரே. வவுறு எரியுது.

— நான் எங்க சிரிச்சேன். இந்தச் சடையப்பன் மூஞ்சே அப்படி. எழவு ஊட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு போனாகூட சிரிக்கிறான்னு சண்டைக்கு வர்றாங்க. எப்படி உட்டுட்டுப் போனாங்க, அத சொல்லு.

— இன்னாத்த சொல்றது. கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ஒரு வேன், ஒரு காரு. ரெண்டுலயும் சேத்து முப்பது பேரு. கத்தாருக்கு வெல்டர் வேலைக்குப் போறது நான் ஒருத்தன். டீ குடிக்கிறேன்னு இங்க நிறுத்துனாங்க. விக்டோரியா அத்தைக்குக் கால் நீட்ட எடம் பத்தலன்னு வேன்லேர்ந்து என் பொட்டி ரெண்டையும் எறக்கி ரோட்டுல வெச்சாங்க. பொட்டிக்குப் பூட்டு வாங்கியாரலாம்னு அந்தக் கடைக்குப் போனேன். வந்து பாத்தா வேனும் இல்ல, காரும் இல்ல. ரெண்டு பொட்டியும் என் பொண்டாட்டியும் நிக்கிது.

— இன்னாங்க, பொட்டிய நடுரோட்டுல உட்டுட்டு நான் எப்படி ஏறுவேன்.

— உன்ன யாரு சொன்னா கிறிஸ்டினா. நீயாவது நின்னியே. த்தூ. சொந்தமாம், பந்தமாம்.

— போன் போட்டியா நைனா?

— போட்டேன். கார்லேர்ந்து யேசுதாஸ் மாமா, நீ வேன்ல இல்லையான்னாரு. வேன்லேர்ந்து பாஸ்டரு, நீ கார்ல இல்லையான்னாரு. நான் பத்திரமா போய்ச் சேரணும்னு பாஸ்டரு வண்டி கெளம்புனதுலேர்ந்து ஜெபம் பண்ணிக்கினே போறாராம். ஆமென் சொல்லும்போது ஒரு கொரலு கொறையுதேன்னு அப்பதான் திரும்பிப் பாத்தாராம்.

— திரும்பி வரச் சொல்றதுதானே.

— சொன்னேனே. டோல்கேட்டு தாண்டிட்டாங்களாம். திரும்பி வந்தா மறுபடி டோலு கட்டணுமாம். நீ எதுனா புடிச்சி வந்துடு மாப்ள, நாங்க முன்னாடி போய் எடம் போட்டு வெக்கிறோம்னு மாமா சொல்றாரு. எங்க எடம் போடுவாரு? ஏரோப்ளேன்ல துண்டு போடுவாரா? அப்பால, வழியில பீச்சு பாத்துட்டு வரோம், அவசரப்படாத வான்னு வேற.

— நல்ல மனுசன்.

— கேவலம் புடிச்ச மனுசன். இவங்கள உங்களுக்குத் தெரியாது பெரியவரே. விசா வந்த நாளா ஊட்டுல பதினோரு பேரு. இருக்கிறது ஒரு ரூம்பு. நான் மொட்ட மாடியில படுத்துக்கினேன், இவ நாலு அத்தைங்க நடுவுல சமையக்கட்டுல படுத்தா. கல்யாணமாயி அஞ்சு மாசம். காலையில நான் பல்லு வெளக்கும்போதே மூணு பேரு சுத்தி நின்னு, கத்தார்ல எப்படி நடந்துக்கணும்னு புத்தி சொல்றானுங்க. பெரியபாளையம் தாண்டாதவனுங்க. அவனுங்க துப்புன எச்சி என் சட்டையில காயறதுக்குள்ள அடுத்தவன் ஆரம்பிச்சிடுவான்.

— இன்னிக்காவது ஒண்ணா வந்தீங்களே.

— எங்க வந்தோம். கார்ல முன்னாடி மாமா, பின்னாடி அம்மாவும் தங்கச்சியும் நானும். இவள வேன்ல கடைசி சீட்டுல, வாந்தி எடுக்குற பசங்களோட போட்டாங்க. மணி இன்னா கிறிஸ்டினா?

— பன்னண்டே கால்.

— நாலு மணிக்கு ஏஜென்டு ஏர்போர்ட்டு வாசல்ல நிப்பான் பெரியவரே. டிக்கெட்டு, விசா, பாஸ்போர்ட்டு எல்லாம் அவன் கையில. நாலுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்னு சொல்லிட்டான். நான் இல்லன்னா லிஸ்ட்டுல அடுத்த ஆளு. எட்டு மாசம் காத்துக்கினு இருந்து வந்த விசா.

— நேரம் கீது, பதறாத. இங்கேர்ந்து ஏர்போர்ட்டுக்கு நாலு வழி. நாலுலயும் யாரு எப்படிப் போனான்னு எனக்குத் தெரியும். சொல்றேன், கூட்டி ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். மொதல்ல, போன்ல கூப்புடுற டாக்ஸி. பச்சையப்பன்னு ஒருத்தன் மஸ்கட்டு போவ இதே எடத்துல நின்னு டாக்ஸி போட்டான். நாலு நிமிசம்னு காட்டிச்சு. வண்டி வந்தது ரோட்டுக்கு அந்தாண்ட. திருப்பிக்கினு வரேன் சார்னு டிரைவரு போனான். அவன் திருப்பிக்கினு வந்தப்போ பச்சையப்பன் வேற வண்டியில மஸ்கட்டுக்குப் போயி, ரெண்டு வருசம் வேலை செஞ்சி, லீவுல வந்து இதே கடையில டீ குடிச்சிக்கினு இருக்கான். டிரைவரு கண்ணாடிய எறக்கி, சார் ஏர்போர்ட்டான்னு கேட்டான். போன்ல அப்பவும் நாலு நிமிசம்தான் காட்டிக்கினு இருந்துச்சு.

— கதையா இருந்தாலும் நெசம் அதான். நானும் மூணு தபா போட்டுப் பாத்தேன். ஒருத்தன் கேன்சல் பண்ணான். ஒருத்தன் லக்கேஜ் கீதான்னு கேட்டு போன வெச்சிட்டான். மூணாவது ஆளு வந்தே வந்தான். டிக்கியத் தொறந்தான், மோந்து பாத்தான், மூடிக்கினு போயிட்டான்.

— மோந்து பாத்தானா?

— அந்தச் செவப்புப் பொட்டியில கருவாடு கீது தாத்தா. பழவேற்காட்டு நெத்திலி. எங்க மாமியாரு ஆறு கிலோ கட்டி வெச்சிக்கிறாங்க.

— அந்த ஊர்ல மீனே கெடைக்காதுன்னு எங்கம்மாவுக்கு யாரோ சொல்லிட்டாங்க பெரியவரே. கடலுக்கு நடுவுல கீற ஊரு. சீ, பூட்டு போட்டும் நாத்தம் வெளிய வருது. நாயி ஒண்ணு அரை மணி நேரமா பொட்டியச் சுத்திக்கினு கீது.

— எனக்கு ஒண்ணும் தெரியல நைனா, மூக்கு போயி வருசமாச்சு. ரெண்டாவது, கவர்மெண்டு பஸ்ஸு. மாதவரத்துல எறங்கி மாறணும். வீரராகவன் அப்படித்தான் ரெண்டு பொட்டியோட ஏறுனான். கண்டக்டரு பொட்டிங்களுக்கு லக்கேஜ் டிக்கெட்டு போட்டாரு. டிக்கெட்டு வாங்குன பொட்டி ரெண்டும் சீட்டுல குந்திக்கிச்சு. இவன் நின்னுக்கினு போனான். செக்கிங் ஏறுனாரு. பொட்டிங்ககிட்ட டிக்கெட்டு கீது, இவன்கிட்ட இல்ல. எறக்கி உட்டுட்டாங்க. பொட்டிங்க போய்ச் சேந்திடுச்சு.

— மாதவரத்துல பொட்டிய தூக்கிக்கினு அந்தக் குப்பையில எறங்கி ஏற என்னால ஆவாது. அடுத்தது?

— மூணாவது என் ஆட்டோ. ஒரே ஒரு தபா ஏர்போர்ட்டுக்குப் போயிக்கிறேன். கொஞ்சம் வேகமா போயிட்டேன் போல. பின்னாடி ஒருத்தன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறான். திரும்பிப் பாத்தா ஏரோப்ளேனு. ஓரங்கட்டி வழி உட்டேன். பைலட்டு நல்ல பையன், தாண்டும்போது கைய காட்டிட்டுப் போனான்.

— அவன் கைய காட்டுவான், நம்ம முதுவெலும்பு எங்க போறது. ஆட்டோ வேணாம்.

— நானே வேணாம்னுதான் சொல்ல வந்தேன். நாலாவது, கவரப்பேட்டையில ட்ரெயின் ஏறி சென்ட்ரலு, சென்ட்ரலுக்கு அடியில மெட்ரோ, நேரா ஏர்போர்ட்டு. அதுல இன்னா ஒண்ணு, ஓடுற படிக்கட்டு. இளமதின்னு ஒரு பொண்ணு பொட்டிய அதுல ஏத்தி உட்டுட்டு, பயந்துக்கினு லிப்ட்டுல போச்சு. பொட்டி தானா நடந்து போயி மெட்ரோ ஏறி, ஏர்போர்ட்டுல எறங்கி வரிசையில நின்னுச்சு. அந்தப் பொண்ணு இன்னும் லிப்ட்டுல மேலயும் கீழயும் போயிக்கினு கீதாம்.

— சென்ட்ரல்ல பையெல்லாம் மிஷின்ல உட்டுப் பாப்பானே. ஆறு கிலோ நெத்திலியும் டிவியில தெரியும். கூட்டம் பூரா மூக்க மூடிக்கினு என்னையே பாக்கும். கவரப்பேட்டையில படிக்கட்டு வேற. பெரியவரே, இங்க தெரிஞ்ச டாக்ஸி எதுனா இல்லையா?

— தெரிஞ்ச பையன் ரகு கீறான், சொந்தக் காரு. கூப்புட்டா பத்து நிமிசத்துல வருவான். கருவாடுன்னா அவனுக்கு உயிரு, மோந்துக்கினே ஓட்டுவான். ஒன்றரை மணி நேரத்துல எறக்கிடுவான்.

— இத மொதல்ல சொல்றதுதானே. கூப்புடுங்க.

— வேணாங்க. ட்ரெயின்லயே போலாம்.

— உனுக்கு இன்னா பைத்தியமா கிறிஸ்டினா?

— கார்ல போனா ரெட்டில்ஸ்ல லாரி மறிச்சிக்கும். மறிச்சா அவ்ளோதான். ட்ரெயினுக்கு லாரி இல்ல. தாத்தா, ட்ரெயின்ல மொத்தம் எவ்ளோ நேரம் ஆவும்?

— கவரப்பேட்டைக்குப் பத்து நிமிசம். ஒரு மணிக்குள்ள ஏறிட்டா ரெண்டே காலுக்கு சென்ட்ரலு. மூணு மணிக்கு ஏர்போர்ட்டு. எல்லாம் சேத்து ரெண்டே முக்கா மணி நேரம்னு வெச்சிக்கோம்மா.

— நாலுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மிச்சம் கீது. ட்ரெயினே போலாங்க.

— ஒன்றரை மணி நேரத்துல போவறத உட்டுட்டு, ரெண்டே முக்கா மணி நேரம் நாறிக்கினு போவணுமா?

— நாத்தத்துக்கு இன்னாங்க, பொட்டிய வாசப்பக்கம் வெச்சிட்டு நாம ஜன்னலாண்ட குந்திக்கலாம். மத்தியானத்துல ட்ரெயின்ல ஆளே இருக்காது. கருவாட்ட மோந்தா இருக்கிறவங்களும் எந்திரிச்சி அடுத்த பொட்டிக்குப் போயிடுவாங்க. ஒரு பொட்டி பூரா நாம ரெண்டு பேருதான்.

— நைனா, பாப்பா சொல்றது வெவரமாத்தான் கீது. கவரப்பேட்ட ஸ்டேஷன் வரைக்கும் நானே உடுறேன், போயி ஆட்டோவ இந்தாண்ட திருப்பிக்கினு வரேன். நாலு நிமிசம்.

— நாலு நிமிசமா?

— பயப்படாத, நான் டாக்ஸிக்காரன் இல்ல. பொட்டிய இழுத்து இப்படி ஓரமா வை.

— போறாரு பாரு பெரிசு, நம்மள வெச்சி நாளைக்கு எத்தினி பேருகிட்ட கத அளக்கப் போவுதோ. அசிங்கம் கிறிஸ்டினா. ஊரே நின்னு வேடிக்க பாக்குது. பொறந்த ஊர உட்டுப் போற நாள்ல குப்பை மாதிரி ரோட்டோரம் கொட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வருசம் திரும்ப மாட்டேன், ஒருத்தனுக்கு அது தோணல பாரு.

— எனக்குத் தோணுச்சு.

— உன்ன சொல்லல. நான் சொல்றது அந்த டிரைவருங்க ரெண்டு பேர. மத்ததுங்க முட்டாளுங்க, உட்டுடலாம். வண்டிய எடுக்குறவன் தலைய எண்ண வேணாம்? ஏர்போர்ட்டுல அவனுங்க மூஞ்சியில காறித் துப்பிட்டுத்தான் உள்ள போவேன்.

— அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. கார்காரரு கேட்டாரு, நீங்க என்கூட வேன்ல வரீங்கன்னு நான்தான் சொன்னேன். வேன்காரரும் கேட்டாரு, நாம ரெண்டு பேரும் கார்ல போறோம்னேன்.